கேட்டோரம் கழற்றி வைத்த சப்பாத்து

ஷா ஆலமில் நான் பாதுகாப்பு அதிகாரியாக வேலை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சப்பாத்து அக்கா. பாதுகாப்புக் காலணியான சப்பாத்து போடாமல், தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டும் எவரையும் நான் விட்டதில்லை. மேலதிகாரியே ஒருமுறை செருப்போடு வந்து என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சலிப்படைய வைத்திருக்கிறேன். ஆகவே இதையும் நானே சொல்வதுதான் நியாயம்.

கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. போன தீபாவளிக்கு முன் சமையலறையைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டினோம். பின்சந்தில் லோரி நுழையாது. மணல், செங்கல், உடைத்த கல் எல்லாம் முன்வாசல் வழியாக, ஹாலைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். ஹாலில்தான் எங்கள் சாமி மேடை இருக்கிறது.

வேலைக்கு வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒரு தம்பி. முப்பது வயது இருக்கும். காலில் இரும்பு முனை வைத்த கனத்த சப்பாத்து, கட்டட வேலையை எடுத்த குத்தகைக்காரர் வாங்கிக் கொடுத்தது. முதல் நாள் காலை சிமெண்டு மூட்டையோடு வாசலில் ஏறியவரைக் கை நீட்டி நிறுத்தினேன்.

“தம்பி, சாமி இருக்கற வீடு. சப்பாத்த கழட்டிட்டு வாங்க.”

“மன்னிச்சுக்கங்கக்கா, கவனிக்கல.”

மூட்டையை இறக்கி வைத்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, கழற்றி, வாசல் கேட்டோரம் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நம்ம ஆளு, சொன்னால் புரிகிறது என்று என் கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

உள்ளே வர அவிழ்த்து, சமையலறையில் கட்டி, வெளியே போக மறுபடி அவிழ்த்து, மூட்டை தூக்குகிறவருக்கு அது நடக்கிற காரியமா? அன்றே வெறுங்காலோடு வேலை செய்யத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் தேநீர் கொடுக்கும்போதெல்லாம் உடைந்த டைல்ஸ் நடுவே அந்தக் கால்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஷா ஆலமுக்குப் போய் மற்றவர்களின் கால்களைச் சோதித்தேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஒரு சனிக்கிழமை, கான்கிரீட்டுக்கு அடித்திருந்த பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அம்மா” என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், துருப்பிடித்த ஆணியொன்று பலகையோடு வலது பாதத்தில் ஏறியிருந்தது. நான் தடுப்பதற்குள் அவரே அதைப் பிடுங்கிப் போட்டார்.

கிளினிக்குப் போகக் காரை வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தால் ஆள் ஹாலுக்கு வரவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றபடி, ஒரு பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி பண்றீங்க? வாங்க போலாம்.”

“சாமி முன்னால ரத்தம் சிந்தக்கூடாதுக்கா.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: “கட்டட வேல செய்யறீங்க. சப்பாத்து போட மாட்டீங்களா?”

“மறந்துட்டேன் டாக்டர்,” என்றார் அவர். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

திரும்பி வந்தபோது கேட்டருகே குத்தகைக்காரர் காத்திருந்தார்.

“சப்பாத்து வாங்கிக் குடுத்தும் போடலன்னா நான் என்ன பண்றது? ஒன்ன வச்சிக்க முடியாது. ஊருக்குப் போயிடு.”

தம்பி சரியென்று தலையை ஆட்டினார். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் தப்பித்திருப்பேன். அவர் பார்க்காததுதான் என்னைப் பேச வைத்தது.

“அவர ஏசாதீங்க. கழட்டச் சொன்னது நான்தான். அனுப்பாதீங்க.”

குத்தகைக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும்க்கா. நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் இப்படித்தான். வீட்டுக்காரங்கள எப்படி லா ஏசறது?” என்றார். தம்பியை அனுப்பவில்லை என்றும் சொன்னார்.

டாக்டர் கொடுத்த விடுப்பு முடிந்து அவர் வரவேண்டிய நாளன்று, விடிந்ததும் நான் ஒரு வேலை செய்தேன். புது டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டிகள் முதல் வாரத்திலிருந்தே கார் நிறுத்தும் இடத்தில் கிடந்தன. அவற்றைப் பிரித்து, வாசலிலிருந்து சாமி மேடையைத் தாண்டிச் சமையலறைவரை விரித்தேன். ஒரு விளக்கை ஏற்றி முடிக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் வேலை.

அவர் ரப்பர் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல அதைக் கழற்றப் போனார். நான் ஓடிப்போய், ஆணி ஏறிய நாளிலிருந்து கேட்டோரம் கிடந்த சப்பாத்தைத் தூசி தட்டி எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“இதப் போட்டுக்கிட்டே உள்ள வாங்க தம்பி.”

அவர் அட்டையையும் சாமி மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இடது காலை நுழைத்தார். வலது கால், கட்டும் வீக்கமுமாக, பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் சுளித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார், மறுபடியும் அக்கா சொல்லிவிட்டாரே என்பதற்காக.