மாற்றாள் வரும்வரை

எங்கள் சிங்காநல்லூர் குடியிருப்பின் இரவுக் காவலாளி பாராசூட் பட்டாளத்தில் இருந்தவர். நரைத்த மீசை, லேசாகத் தாங்கி நடக்கும் இடது கால். கேட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். வருகிறவர்களிடமெல்லாம் "எங்க கமாண்டோ" என்று நான் பெருமையடிப்பேன்.

ஒருநாள் திருத்தினார். "கமாண்டோ வேறைங்க. அவங்க நாலஞ்சு பேரா போயி வேலைய முடிச்சுபோட்டுத் திரும்பிருவாங்க. நாங்க கூட்டமா குதிச்சு ஒரு பாலத்தப் புடிச்சம்னா, பின்னால பட்டாளம் வந்து சேர்ற வரைக்கும் அங்கயே நிக்கோணுங்க."

போன ஆவணியில் அன்னூரில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம், காலை ஒன்பது மணிக்கு. ஆறு மணிக்கே மாற்றாள் வந்துவிடுவார் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளரான நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். மாற்றாளிடம் சொல்ல மறந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை என்று போனையும் அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

பத்தரை மணிக்குக் கறி வாங்க இறங்கினால், தேய்த்த வெள்ளை வேட்டி சட்டையில் கேட்டருகே நிற்கிறார்.

"ஏனுங்க, உட்டுப்போட்டுப் போயிருக்கலாமல்லங்க?"

"மாத்தாள் வரலீங்களே."

குரலில் கோபமே இல்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் பூட்டியதும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

சாயங்காலம் வரை கேட்டில் நான்தான் காவல்; அவருடைய நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.