ஓடிபி யார் போனுக்கு வரும்?

விமான டிக்கெட் போட்டுத் தரும் தொழிலில், எந்த ஊருக்கு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓடிபி யார் போனுக்கு வரும்? உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். விமானப் பயணச் சலுகை உள்ள கிரெடிட் கார்டு கணவர் பெயரில்; வங்கி மொழியில் அவர்தான் பிரைமரி ஹோல்டர். மனைவிக்கு அதிலேயே ஓர் ஆட்-ஆன் கார்டு. தேய்ப்பது இருவரும். இலவச டிக்கெட்டுக்கான மைல்கள் சேர்வது மட்டும் அவர் கணக்கில். காக்ஸ் டவுனில் என் சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து, எல்லோரையும் சந்தேகப்படப் பழகிவிட்டேன்.

துணைக்கு ஒருவர்

பொம்மனஹள்ளியிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. அவர்கள் கார்டில், வருடத்துக்கு ஒருமுறை துணைக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம். இந்த வருடச் சலுகை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றது திரை. நான் அதை அவர்கள் பக்கம் திருப்பியிருக்கக் கூடாது. "ஆபீஸ் வேலையா ஹைதராபாத் போனேனே, அப்போ டீம் லீடுக்குப் போட்டேன்" என்றான் அவன். அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"டீம் லீடுக்குப் பேரு கிடையாதா?"

என் கார்டு

என் கணவர் இருந்தவரை என்னிடமும் ஆட்-ஆன் கார்டுதான். அவர் இறந்த மறுமாதம் மருந்துக் கடையில் அது வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்:

"பிரைமரி ஹோல்டர் இல்லேன்னா, எங்க சிஸ்டத்துல நீங்களும் இல்ல மேடம்."

தண்ணீர்ச் சத்தம்

எங்கள் தெரு டீச்சர் ஸ்டெல்லாவின் மகள், தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு புனே போனவள். அப்பா ஆரோக்கியசாமி அவளோடு பேசி இரண்டு வருடமாகிறது. இப்போது அங்கே குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்குப் பார்க்க வேண்டும். அவள் சம்பளக் கணக்கையும் அவரே பார்ப்பதால் மைல்களில் டிக்கெட் போடுவதுதான் வழி. ஓடிபி வருவதோ அவர் போனுக்கு. அவர் குளிக்கும் நேரத்தில் முயல்வது என்று முடிவானது.

காலை ஏழு மணிக்கு நான் இங்கே கம்ப்யூட்டரில். அங்கே அவள், ஒரு கையில் அவர் போன், மறு கையில் தன் போன். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் ஓசை. நான்கு எண்கள் சொன்னாள். நிறுத்தினாள்.

"தண்ணி சத்தம் நின்னுடுச்சுக்கா, வெச்சிடறேன்."

கடைசி வரிசை

மறுநாள் அவர் தலைக்குக் குளித்தார். ஆறு எண்களும் வந்து சேர்ந்தன. குறுஞ்செய்தியை ஸ்டெல்லா அழித்துவிட்டாள். ஈமெயிலை மறந்துவிட்டாள், நானும்தான்.

மூன்றாம் நாள் ஆரோக்கியசாமியே வந்து போனை என் முன் வைத்தார். திரையில் புனே டிக்கெட். ரத்து செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ அதே விமானத்தில் தனக்கும் ஒன்று கேட்டார். கடைசி வரிசையில், ஸ்டெல்லாவுக்குத் தெரியக் கூடாது. ஓடிபி வந்ததும் நான் பார்த்துவிடாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார், பிறகு சத்தமாகப் படித்துச் சொன்னார்.

"அங்க போய்ச் சண்டை போடவா சார்?" என்று கேட்டேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் தட்டினா என் பொண்ணு கதவைத் திறக்க மாட்டா மேடம். இவளுக்குத் திறப்பா. அப்படியே பின்னாடி நானும் நுழைஞ்சிடுவேன்."

அந்த வீட்டில் பிரைமரி ஹோல்டர் யார் என்பது வங்கிக்குத்தான் இன்னும் தெரியவில்லை.