படத்தின் ஓரத்தில் தெரியும் கை

அரியாலையில் கடலேரிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நிற்கும் இயந்திரத் திருத்தகம் நான் கட்டியது. அதன் பின்னால் மா அரைக்கும் ஆலை இருக்கிறது, அதுவும் நான் கட்டியது. பிள்ளையார் கோயில் தேர்முட்டிக்கு இரும்புக் கூரை போட்டவனும் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. ஒரு தகரக் கொட்டிலில் ஒரு குறடும் ஆணி முறுக்கும் சாவி இரண்டும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். போர்க்கால இடப்பெயர்வின்போது சனம் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு போக, நான் கடைசல் இயந்திரத்தின் தலைப்பாகத்தைச் சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்கு உருட்டிப் போனேன். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை. நான்கு சுவருக்கு நடுவில் நின்று மூன்றாம் நாள் ஒரு இஞ்சினை இயக்கிக் காட்டினேன். பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தப் பகுதியில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பாதி என் கை பட்டு ஓடியவை. இதையெல்லாம் ஒருவருடைய உதவியும் இல்லாமல் செய்தேன் என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

அக்காவின் ஆண்டு நினைவு மலரில் இவன் ஏன் தன் கதையை அளக்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இல்லாமல் இல்லை. அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிட்ட மலரில் ஒரு வண்ணப் படம் இருந்தது. அக்கா படகில் இருக்கிறார். கையில் தூண்டில் நூல், நூலின் நுனியில் ஒரு மீன். அந்த மீனைக் கீழிருந்து தாங்கியபடி படத்தின் ஓரத்தில் ஒரு கை. கைக்கு உரியவரை வெட்டிவிட்டார்கள். அடியில், ‘மகன் அழைத்துச் சென்ற படகுப் பயணத்தில், அவர் பிடித்துக் கொடுத்த மீனுடன்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

அன்றைக்கே கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்காவின் மகன், எனக்கு மருமகன், நல்ல பிள்ளை. ஆனால் பதில் இப்படி இருந்தது.

“மாமா, உது சின்ன விசயம். இடம் காணாமல் வெட்டினது.”

“இடம் காணாட்டி உன்ரை தலையை வெட்டியிருக்கலாமே, மோனை?”

“நான் படத்திலை இல்லையே மாமா. படம் எடுத்ததே நான்தானே.”

“அப்ப மீனை ஆர் பிடிச்சுக் குடுத்தது?”

ஆண்டு மலரில் திருத்துவோம் என்றார். இப்போது அந்த ஆண்டு மலர் தயாராகிறது. ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் காணாது.

அக்கா அரியாலையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் நான்காவது. எங்களைப் பெற்ற ஐயாவுக்கு வெங்காயமும் மிளகாயும் போடும் தோட்டம். ஐயா காலமானபோது அக்கா பத்தாம் வகுப்பை முடித்திருந்தார். மேலே படிக்கக் கூடிய பிள்ளை என்று ஆசிரியை வீடு தேடி வந்து சொன்னார். அக்கா சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போய்விட்டார். எங்கள் நான்கு பேருக்கும் சாப்பாடு போட்டது அந்தத் தோட்டம். தோட்டத்தைக் காத்தது அக்கா.

திருத்தத்தை இனிச் சொல்ல வேண்டும். நான் திருத்தகம் தொடங்கிய காலத்தில் வள்ளங்களுக்குப் பூட்டும் இஞ்சின்கள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றோடு வரும் புத்தகம் ஆங்கிலம். எனக்குத் தமிழே தட்டுத் தடுமாறித்தான் வரும். அக்கா அந்தப் புத்தகத்தை அகராதியோடு வைத்து வாசித்து, ஒரு கொப்பியில் தமிழில் எழுதி, படமும் வரைந்து தந்தார். எந்த ஆணியை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியாகப் பூட்டுவது என்று இலக்கம் போட்டிருந்தார். இந்தக் கரையில் இஞ்சின் வேலை என்றால் என் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு அடியில் அந்தக் கொப்பி கிடக்கிறது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கொப்பியைத் தந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “இஞ்சின் ஓடினால் என்னை ஒருக்கா வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போ, தம்பி. எத்தினை மீனை வெட்டிப்போட்டன். ஒண்டெண்டாலும் தண்ணிக்குள்ளாலை வாறதைப் பாக்கவேணும்.”

“பாப்பம் அக்கா,” என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து கடலேரி கூப்பிடு தூரம். ஆனால் தோட்டக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை வள்ளத்தில் ஏறும் வழக்கம் அந்நாளில் இல்லை. எனக்கும் வேலை தலைக்குமேல் கிடந்தது. பிறகு அக்கா கொக்குவிலில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர், சொல்லுக்குச் சொல் அளந்து பேசுபவர். ஆணும் பெண்ணுமாக இரண்டு பிள்ளைகள். இடப்பெயர்வு, திரும்பி வருதல், மகன் கனடா போதல், அத்தானின் மறைவு என்று எல்லாவற்றையும் அக்கா ஒரு முகத்தோடு தாங்கினார். யாருக்கு எந்த நோய் என்றாலும் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவர் அக்கா. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் அந்தக் கஞ்சியைக் குடித்திருப்பீர்கள்.

இனிப் படகுக்கு வருகிறேன்.

அக்கா போவதற்கு முந்திய வருடம் மருமகன் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் கரையில் நேசன் என்ற கடற்றொழிலாளி, தூண்டில் பிடித்துப் பழக்கமில்லாத குடும்பங்களைத் தனிப் படகில் கூட்டிப்போய், காட்டிக் கொடுத்து மீன் பிடிக்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். மருமகன் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, “மாமா, உவரைத் தெரியுமோ?” என்று கேட்டார். யோசனை அவருடையது, அது உண்மை, மறுக்கவில்லை. அவர் பங்கு அவ்வளவுதான்.

நேசனின் இஞ்சினை இரண்டு தடவை கழற்றிப் பூட்டியவன் நான். படகை ஒழுங்கு செய்தவன் நான். அக்காவுக்கு முழங்கால் மடியாது என்று ஒரு பிளாஸ்ரிக் கதிரையின் காலை அரிந்து, படகின் பலகையில் ஆணி பூட்டி இறுக்கினேன். காற்றுப் பார்த்தேன், வற்றுப் பெருக்குப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு மிதவை அங்கி அளவு பார்த்தேன். கிழமை மட்டும் பார்க்கவில்லை. சனிக்கிழமை கலியாண வீடு, ஞாயிறு விமானம் என்று மருமகன் சொல்ல, அப்படியென்றால் வெள்ளி என்று வாயால் சொன்னேன். அது விரத நாள் என்பது எனக்கோ அவருக்கோ மூளையில் ஏறவில்லை. எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. மீனைச் சாப்பிடுவது இருக்கட்டும், தொடவே மாட்டோம். மச்சச் சட்டி அன்றைக்கு வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும்.

காலையில் எல்லோரும் கரைக்கு வந்து நிற்கிறோம். அக்கா கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்திருந்தார். நேசன் இறாலைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, இண்டைக்கு வெள்ளியெல்லோ. உங்கடை ஆக்கள் மச்சம் தொடாயினமே?”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“மாமாதான் நாள் வைச்சவர்,” என்றார் மருமகன்.

பிழைக்கு என் பெயர், படத்துக்கு அவர் பெயர். இதைத்தான் ஒரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலியில் இருக்கும் அக்காவின் மகள் தாயின் கையைப் பிடித்தார். “வாங்கோ அம்மா, வீட்டை போவம். வேறை நாள் பாப்பம்.”

“வேறை நாள் ஆருக்குப் பிள்ளை இருக்கு?” என்றார் அக்கா. பிறகு நேசனிடம் கேட்டார். “தம்பி, பிடிச்ச மீனை நாளைக்குக் காலமை மட்டும் உயிரோடை வைச்சிருக்க ஏலுமோ?”

“பறிக்குள்ளை விட்டுத் தண்ணிக்குள்ளை கட்டி வைச்சா நிக்கும் அம்மா.” பறி என்பது பிரம்பில் பின்னிய மீன்கூடு.

“அப்ப சரி. இண்டைக்கு அது சும்மா நீந்துற சீவன். நாளைக்குத்தான் மச்சம். நான் தொடவும் மாட்டன், தின்னவும் மாட்டன். பாக்கத்தான் போறன்.” சேலையைச் செருகிக்கொண்டு படகின் விளிம்பில் காலை வைத்தார். “எடேய் தம்பி, கையைத் தாவன். நிண்டு முழிசுறாய்.”

கடலேரி நடுவில் நங்கூரம் போட்டதும் நேசன் பழக்கிக் கொடுத்தார். நூலை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். முதல் தட்டலுக்கு இழுக்கக் கூடாது, இரண்டாம் தட்டலுக்குத்தான் இழுக்க வேண்டும். மருமகன் கனடாவில் வாங்கிய பளபளப்பான தூண்டில் தடியைக் கொண்டுவந்திருந்தார். அது இரண்டு தடவை நங்கூரக் கயிற்றைப் பிடித்தது. என்னை இஞ்சின் பக்கம் போகவேண்டாம் என்று நேசன் சொன்னார். “ஐயா, இது உங்கடை பட்டறை இல்லை. இருங்கோ.” நான் பூட்டிய இஞ்சின். சரி, இருந்தேன்.

அக்காவின் தூண்டிலில் இரை இல்லை. இறாலை அவர் தொடமாட்டார். மகளும் தொடமாட்டார். மருமகன் தன் சிக்கலை அவிழ்ப்பதில் நின்றார். நேசன் பிள்ளைகளோடு மறுபக்கத்தில் இருந்தார். வெறும் தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் முன்பும் கண்டிருக்கிறேன், ‘பாப்பம் அக்கா’ என்று சொன்ன அன்றைக்கு.

அறிவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவன் நான். இடப்பெயர்வில் சோறில்லாமல் கிடந்த வெள்ளியிலும் கருவாட்டைத் தள்ளி வைத்தவன். இறால் துண்டை எடுத்து அக்காவின் தூண்டிலில் குத்தினேன்.

“என்னடா செய்யிறாய்? உன்ரை விரதம்?”

“நூலை விடுங்கோ அக்கா. கதையாதேங்கோ.”

ஐந்து தடவை குத்தினேன். நான்கை மீன் தின்றுவிட்டுப் போனது. ஐந்தாவதில் அக்காவின் விரல் அசைந்தது. “தட்டுது,” என்றார் மெதுவாக. “பொறுங்கோ,” என்றேன். இரண்டாம் தட்டல். அக்கா இழுத்தார். தோட்டத்தில் துலாக்கயிறு இழுத்த கை அது, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். ஒரு சாண் நீள மணலை மீன் ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அக்கா வாயைத் திறந்தபடியே இருந்தார். மீன் துள்ளியது. நூல் அறுந்துவிடும் என்று நான் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினேன். அந்த நேரம் மருமகன் படம் எடுத்தார். அதுதான் அந்தப் படம்.

சந்தேகம் இருப்பவர்கள் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அந்தக் கையின் பெருவிரலில் நகம் இல்லை. இஞ்சின் சில்லில் அகப்பட்டுப் போன நகம். எங்கள் குடும்பத்தில் நகமில்லாத பெருவிரல் ஒன்றுதான் இருக்கிறது. அது இப்போது இந்தப் பேனையைப் பிடித்திருக்கிறது.

மீனைப் பறிக்குள் விட்டு, ஆழம் குறைந்த இடத்தில் கட்டையோடு கட்டினோம். சனிக்கிழமை விடிந்ததும் நானே போய் எடுத்தேன், உயிரோடு நின்றது. ஒரு வாளி கடலேரித் தண்ணீரில் அதை விட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொக்குவிலுக்குக் கொண்டுபோனேன். மற்றவர்கள் கலியாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா தலைவலி என்று நின்றுவிட்டார். மீனை அவரே வெட்டி, மச்சச் சட்டியை நிமிர்த்திக் குழம்பு வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள்ளேயே இருந்து சாப்பிட்டோம்.

“உன்ரை விரதத்தை முறிச்சுப்போட்டன்,” என்றார்.

“ஒரு வெள்ளிதானே அக்கா.”

“நான் முதல் கேட்ட நேரம் கூட்டிக்கொண்டு போயிருந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமையாப் பாத்துப் போயிருக்கலாம்.” நடு முள்ளை எடுத்துவிட்டுப் பெரிய துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். “தின். நாப்பது வருசம் பிந்தின மீன்.”

சின்ன முள் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. திருநெல்வேலியில் மகளின் வீட்டில் வைத்துப் பார்த்தோம். கடைசி வாரத்தில் பேச்சுக் குறைந்துவிட்டது. ஆனால் மருந்து ஏற்ற வந்த தாதியிடம் என்னைக் காட்டி, “இவர்தான் எனக்கு வெள்ளிக்கிழமையிலை இறால் குத்தித் தந்தவர்,” என்றார். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. இரண்டு நாளில், விடியும் நேரத்தில், மகளின் கையைப் பிடித்தபடி அக்கா கண்ணை மூடினார். என் பங்கை ஒரு முறையாவது வாயால் சொன்ன ஒரே ஆள் போய்விட்டார். அதனால்தான் அச்சில் வேண்டும் என்று நிற்கிறேன்.

அக்காவை இராப்பகல் பாராமல் பார்த்த மகளுக்கும் அவர் கணவருக்கும், வீட்டுக்கு வந்து மருந்து தந்த வைத்தியருக்கும் அந்தத் தாதிக்கும், செத்தவீட்டன்று பந்தல் போட்டு, பறை ஒழுங்கு செய்து, தேத்தண்ணீர் ஊற்றிய அயலவர்களுக்கும், தொழிலுக்குப் போகாமல் வந்து பாடை தூக்கிய நேசனுக்கும், தூர தேசத்திலிருந்து ஓடி வந்து கொள்ளி வைத்த மருமகனுக்கும் என் கும்பிடு. மருமகனோடு எனக்குக் கோபம் இல்லை. ஒரு வரியோடுதான் கோபம்.

அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இந்த மலரில் அந்தப் படத்தை ஓரம் வெட்டாமல் முழுதாகப் போட வேண்டும். அதன் கீழே எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன்: ‘அக்கா தன் கையால் பிடித்த மீன். இரை குத்தியதும் மீனைத் தாங்கியதும் தம்பி. அக்காவைப் படகில் கூட்டிச் சென்றவனும் அவனே. நாற்பது வருடம் பிந்திக் கூட்டிச் சென்றவனும் அவனே.’

இடம் காணாது என்று கடைசி வசனத்தை வெட்ட வேண்டாம். அதுவும் என் பங்குதான்.