பிச்சை போடாதீர்கள் என்று சொன்ன குரல்

என் சித்தியின் குரலை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. முகத்தை அறிந்தவர் மிகக் குறைவு. இருபத்திரண்டு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். எந்த வண்டி எப்போது வரும், எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும்.

அவர் உட்காரும் அறை முதல் நடைமேடையில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு மேசை, ஒரு மைக், வெந்நீர் ஃபிளாஸ்க், ஆடுகிற ஒரு மின்விசிறி. பேசுமுன் விசிறியை நிறுத்திவிடுவார். இல்லையென்றால் அதன் இரைச்சலும் ஊர் முழுக்கக் கேட்கும். பிறகு மூன்று பித்தளைத் தகடுகளைச் சின்னக் குச்சியால் தட்டுவார். அந்த மணி ஒலிக்கிற நொடியில் நடைமேடையே வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும். பள்ளி விடுமுறையில் சில நாள் நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வியர்வை வழிய வழிய, கொஞ்சமும் பதறாமல் சித்தி பேசுவதைப் பார்ப்பதைவிட வேறு வேடிக்கை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அந்தக் குரலுக்கு மரியாதை கிடையாது. "ஊரே இவ பேச்சைக் கேட்டு ஓடுது. நான் மட்டும்தான் உக்காந்த இடத்தைவிட்டு நகர மாட்டேங்கறேன்" என்று சித்தப்பாவே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆதரவில்லாதவர்களுக்காக ஊருக்கு வெளியே ஓர் இல்லம் நடந்துவந்தது. அவர்கள் நிலைய வாசலில் நன்கொடைப் பெட்டி ஒன்றை வைக்க அனுமதி வாங்கினார்கள். மறுநாளே ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு காகிதத்தோடு சித்தியிடம் வந்தார்.

"மணிக்கு ஒரு தடவை இதைப் படிச்சுடுங்கம்மா."

சித்தி படித்தார். 'பயணிகளின் கவனத்திற்கு. நிலையத்தில் பிச்சை எடுப்போருக்குக் காசு கொடுத்து ஊக்குவிக்காதீர்கள். உதவ விரும்புவோர் வாசலில் உள்ள பெட்டியில் நன்கொடை செலுத்துங்கள்.' வண்டி தாமதம் என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொன்னார். அதே சித்தி, வீட்டுக்குப் போகிற வழியில் யார் கை நீட்டினாலும் பையைத் திறந்துவிடுவார். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் பின்வாசலில் பழுதுபார்க்கிற வேலை நடந்ததால், வழக்கமில்லாமல் மேம்பாலப் படி வழியாக இறங்கினார். படித் திருப்பத்தில் பார்வையில்லாத பெண் ஒருத்தி பால்பவுடர் டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். சித்தி போட்ட காசு டப்பாவின் விளிம்பில் பட்டு எகிறி உருண்டது.

"இருங்க, நகராதீங்க. உங்க வலது பக்கம் விழுந்திருக்கு, எடுத்துத் தர்றேன்."

அவள் தலையை நிமிர்த்தினாள். "மைக்கம்மாதானே நீங்க?"

சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமா."

"அதானே பார்த்தேன். 'வலது பக்கம்'னு சொன்னீங்களே, அதே இழுப்பு." அவள் சிரித்துவிட்டாள். "மணிக்கு ஒரு தடவை எனக்குக் காசு போடாதீங்கன்னு ஊருக்கே சொல்றீங்க. இப்ப நீங்களே போடறீங்க. நான் மைக்கை நம்பறதா, உங்க கையை நம்பறதா?"

"எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறேன்மா. அது என் வேலை."

"தப்புன்னு சொல்லலையே. எனக்கும் இது வேலைதான். நீங்க பேசி முடிச்சதும் கால் மணி நேரம் டப்பாவுல சத்தமே வராது. அப்புறம் ஜனங்க கொஞ்சம் கொஞ்சமா மறப்பாங்க. நல்லா மறந்து வர்ற நேரத்துல நீங்க திரும்ப மணி அடிச்சுடுவீங்க."

கோபமாகக் கேட்டிருந்தால் சித்தி பதில் சொல்லியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினார்.

"இதுல என்னடி இருக்கு?" என்றாள் அம்மா. "பெட்டியில போட்டா பத்துப் பேர் சாப்பிடுவாங்க. இவ கையில போட்டா அது யார் கைக்குப் போகுதோ, யாரு கண்டா?"

சித்திக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த விடுப்பு நாளில் பஸ் ஏறி அந்த இல்லத்துக்கே போய்விட்டார். உள்ளே ஏதாவது தில்லுமுல்லு நடக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அங்கே நாற்பது கட்டில்கள் வெள்ளை விரிப்போடு வரிசையாக இருந்தன. குளிக்க வெந்நீர் இருந்தது. காப்பாளர் அம்மாள் ஒரு கிழவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வந்தது யாரென்றுகூடக் கேட்காமல், சித்தியிடம் "அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்கம்மா" என்றாராம்.

திரும்பி வந்த சித்தியின் முகம் போனதைவிட வாடியிருந்தது. "திருட்டுப் பசங்களா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா. மனசு ஒரு பக்கமா நின்னிருக்கும்."

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், பிச்சை பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். மேலிடத்து உத்தரவு, என் கையில் ஒன்றுமில்லை என்று அவர் கையை விரித்தார். சித்தி அதற்குமேல் வாதாடவில்லை. அன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை மைக்கின் முன் உட்கார்ந்து, வாசலில் உள்ள பெட்டியில் நன்கொடை செலுத்துங்கள் என்பதை மட்டும் அழகாகப் படித்தார். முன்பாதி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

வேலைக்கு வந்துபோகிற வழியையும் மாற்றிக்கொண்டார். பழுது வேலை முடிந்தும் மேம்பாலப் படிதான். ஒருநாள், "உனக்கு நான் வேற ஏதாவது செய்யணுமா?" என்று அவளைக் கேட்டார்.

"காசை விடுங்க மைக்கம்மா. நாலு மணி வண்டி எந்த பிளாட்பாரம்னு எனக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, போதும். நீங்க மைக்கில சொன்னதும் எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு ஓடறாங்க. அந்தக் கூட்டத்துல என் கம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் மாட்டிக்குது. முன்னாடியே தெரிஞ்சா நான் பாட்டுக்கு மெதுவா அந்த பிளாட்பாரத்துப் படிக்குப் போய் உக்காந்துப்பேன்."

வண்டிகளின் விவரம் மதியமே சித்தியின் கைக்கு வந்துவிடும். தினமும் சாப்பாட்டு வேளையில் படித் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்று, நாலு மணி வண்டி இரண்டில், ஐந்தரை வண்டி நான்கில் என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் எதையும் மறக்க மாட்டாள். கொஞ்ச நாளில் போர்ட்டர்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் மூலம் பயணிகளுக்கும் தெரிந்தது. மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் விசாரணைக் கவுண்டருக்குப் போகாமல் நேராக அவளிடம் போனார்கள். அவள் நடைமேடை எண்ணைச் சொன்னதோடு நிற்க மாட்டாள். "முன்பக்கம் ஏறாதீங்க, கூட்டமா இருக்கும். கடைசிப் பெட்டிக்குப் போங்க" என்பாள். டப்பாவில் காசு விழுந்தது. சிலர் நன்றி மட்டும் சொன்னார்கள்.

"இந்தம்மாவை உள்ள உக்கார வெச்சுட்டு, விசாரணை கவுண்டர்ல தூங்கற ஆளைப் படியில உக்கார வெச்சிடலாம்" என்று கிழட்டுப் போர்ட்டர் ஒருவர் சொல்லப்போக, நிலையம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது சித்தியின் முகம் இன்றும் மலர்ந்துவிடும். வேலைக்குப் போனதிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்பார்.

அதற்கும் முடிவு வந்தது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், வண்டி தாமதமானதால் நடைமேடையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. சும்மா இருந்த காது அறிவிப்பைக் கூர்ந்து கேட்டது. ஒரு வாரத்தில் சித்திக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். அவர் 'வேண்டுமென்றே விட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். டிக்கெட் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

போகுமுன் எல்லா அறிவிப்புகளையும் டேப்பில் பதிந்து தரச் சொன்னார்கள். அதில் அந்த வரியும் இருந்தது. பதிவு செய்ய வந்தவர் நல்லவர்தான். "இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கம்மா" என்று மூன்று தடவை சொல்லவைத்தார்.

அதன் பிறகு சித்தி கவுண்டருக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க, வெளியே அவருடைய குரலே மணிக்கு ஒரு தடவை பிச்சை போடாதீர்கள் என்று சொல்லியது. முதல் நாள் மாலை படித் திருப்பத்தில் அவள் கேட்டாள்: "என்ன மைக்கம்மா, தொண்டை சரியாயிடுச்சா? முழுசாப் படிக்கிறீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"மூணு வருஷமா பாதியை முழுங்கினீங்க. அது தெரியாதா எனக்கு? நானா கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"இப்ப பேசறது நான் இல்ல. டேப்பு."

"அதுவும் தெரியும்" என்றாள். "மூச்சே விடாம பேசுதே."

இரண்டு ஆண்டு கழித்து நிலையத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, படிகளில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே காலையில் வேனில் ஏற்றினார்கள். சித்தி வேலைக்கு வந்தபோது படித் திருப்பம் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. இல்லத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று போர்ட்டர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி அங்கே போனார். அழுதுகொண்டிருப்பாள், எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனார். அவள் ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"வெளிய வந்துடறியா? நான் பேசிப் பார்க்கறேன்."

அவள் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். "காலை நீட்டிப் படுத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? படியில எப்பவும் மடக்கிட்டே உக்காந்திருப்பேன், யாராவது மிதிச்சுடுவாங்கன்னு. இங்கயே இருக்கேன். ஆனா பொழுதுதான் போகல. யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல."

அன்று வெளியே வரும்போது, ஊருக்கெல்லாம் சொன்ன அந்தப் பெட்டியில் தான் ஒரு தடவைகூடக் காசு போட்டதில்லை என்பது சித்திக்கு உறைத்ததாம். அதிலிருந்து மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு இல்லத்துக்குப் போனது. சாலையில் கை நீட்டுகிறவர்களுக்குப் பை திறப்பதும் நிற்கவில்லை. "அது பெரிய கும்பல்மா, உன்னை நல்லா ஏமாத்தறாங்க" என்று மகன் கடிந்துகொண்டால், "இருக்கும்டா" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பணத்தைவிட இல்லத்துக்குப் பயன்பட்டது வேறொன்று. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போனபோது, அவளுடைய பொழுது போகட்டும் என்று செய்தித்தாளை உரக்கப் படித்தார் சித்தி. பக்கத்துக் கட்டில்காரர்கள் காது கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று அவள்தான் அதட்டுவாளாம். ஆறு ஆண்டுகள் அப்படிப் போயிற்று. ஒரு மழைக்காலத்தில், சளி முற்றி, அவள் இறந்துபோனாள்.

சித்திக்கு இப்போது எழுபத்தாறு வயது. குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனால் பூட்டுதான் தொங்கும்.