தூசு இல்லாத ஊரிலிருந்து வந்த காய்ச்சல்

1969 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அத்தை குடியாத்தத்திலிருந்து என் தம்பியைத் திரும்ப அழைத்துவந்தாள். அவன் உடல் கொதித்தது. இடது காதில் செருகியிருந்த பஞ்சு மஞ்சளாக நனைந்திருந்தது.

"அங்க ஒரு துளி மண்ணு கெடயாதுண்ணா. எப்டி வந்துச்சுன்னே தெரில" என்று அப்பாவிடம் சொன்னாள்.

முதல் பிறந்தநாளுக்கு முன்பிருந்தே அவனுக்குக் காதில் சீழ், மார்பில் சளி, தோலில் கட்டி என்று ஒன்று ஆறுமுன் மற்றொன்று வந்துகொண்டிருந்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டனில் எல்லாருக்கும் அதற்கு ஒரே காரணம்தான் தெரியும்: பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண், காற்றில் பறந்து வருவது. நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்த அப்பா, ஷிஃப்ட் முடிந்து குளித்து உடை மாற்றிய பிறகும் அவனைத் தூக்கத் தயங்குவார். ஆறு வயதுப் பிள்ளையைத் தூசு இல்லாத ஊருக்கு அனுப்பியவரும் அவர்தான்.

அப்பா, அம்மா, நான் மூவரும் அவனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகையில் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடா, வந்ததும் ஆஸ்பத்திரி ஷிஃப்ட்டுக்குப் போறியா?" என்றாள். அவன் மட்டும் சிரித்தான்.

புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவன் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இவனுக்குத் தொண்டைல டான்சில் எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்லயே. உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு தம்பிங்க. சின்னதுலயே சளியில போயிட்டாங்க. எங்கப்பாவும் சுரங்கந்தாங்க. அந்தத் தூசு."

"தூசு இருமலக் குடுக்கும்மா. காதுலயும் தோல்லயும் மாத்தி மாத்திச் சீழ் வைக்காது. கிருமிய எதிர்க்கிற சத்து இவன் ரத்தத்துலயே இல்லையோன்னு தோணுது. அது தாய் வழியா ஆண் பிள்ளைங்களுக்கு வர்றது. பென்சிலின் போடறேன், இந்த தடவை அடங்கும். ஆனா மறுபடி வரும். நாளைக்கே வேலூர்ல ரத்தம் பாருங்க. அதுதான்னா, தொடர்ந்து ஊசி போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். விட்டுட்டா முடியாது."

"அப்போ என் தூசு இல்லீங்களா?" என்றார் அப்பா. அந்தக் குரலில் நிம்மதி இல்லை. இத்தனை வருடம் சுமந்த குற்றத்தைத் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்பதுபோல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா தம்பியை அப்பாவின் கையில் கொடுத்தாள். அதன்பின் அவனைத் தொடவே இல்லை.

"வேலூருக்கு நீயும் அப்பாவும் போங்க. நான் வரல. அங்கயும் என் தம்பிங்களத்தான் கேப்பாங்க" என்றாள் என்னிடம்.

"கேட்டா நான் சொல்றேன். எங்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். தன் தம்பிகளைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுவே முதல்முறை. ஒருவனுக்குக் காதில் சீழ், மற்றவனுக்கு மார்பில் சளி.

மறுநாள் காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, தம்பியை மடியில் கிடத்திக்கொண்டேன். அப்பா எதிரில் அமர்ந்தார்.

"ஊசி பெருசா இருக்குமாக்கா?"

"இருக்கும்" என்றேன். அவன் உறங்கிய பிறகு, அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் விடுபடாதபடி, டாக்டரிடம் சொல்லவேண்டிய வரிசையில், மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.