ஐம்பத்தைந்து மாமன்களுக்கு இடம்

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரேணுகா அக்காவுக்குத் தொழில் பேனர் டிசைன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் செய்து, செங்கல்பட்டில் இருக்கும் பிரஸ்ஸுக்கு ஃபைலை அனுப்பிவிடுவாள். பத்தாவது வரைதான் படித்தவள். போட்டோவில் கண் மூடியிருப்பவருக்கு அவருடைய இன்னொரு போட்டோவிலிருந்து கண் எடுத்து வைப்பாள். அஞ்சலி பேனருக்குச் சிரிக்காத படம் கிடைக்காவிட்டால் சிரிப்பைக் கொஞ்சம் குறைப்பாள்.

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முதல் பட்டதாரி சான்றிதழைக் கண்ணாடிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு ஒரு வருடமாக வேலை தேடுகிறேன். தெருவில் யார் வீட்டில் டிவி படம் தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை அக்கா கீழே இறங்கி வந்தாள். "கீர்த்தனா, கம்ப்யூட்டர் படுத்துகினு கீது. கொஞ்சம் வந்து பாரேன்."

வாயலூர் லட்சுமணன் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பேனர் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். லட்சுமணனின் மனைவி வீட்டார் பெரிய குடும்பம். கூடப்பிறந்த மாமன், பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அவர்களுடைய பங்காளிகள் என்று ஐம்பத்திரண்டு மாமன்களின் படம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருந்தது. எல்லா முகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முப்பத்தோராவது மாமனை வைத்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே மாமனிடம் வந்து நின்றது.

"படத்தை எல்லாம் சின்னதாக்கிட்டா இன்னாக்கா?"

"அப்பால பேனர்ல மூஞ்சி புள்ளி புள்ளியா வரும். ஒரு மாமன் கோச்சிக்கினா சீர் வராது. சீர் வரலன்னா லட்சுமணன் அண்ணாத்த என்ன சும்மா வுடுவாரா? அப்பறம் வாயலூர்ல ஒருத்தன் எங்கிட்ட பேனர் குடுப்பானா?"

"மெமரி பத்தல. நாலு ஜி.பி. தான் கீது. இன்னொண்ணு போட்டா சரியாயிடும். நானே வாங்கினு வரேன்."

பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. டிகிரி படித்தவள் பார்க்காமலே சொல்ல வேண்டும் என்று ஏனோ நினைத்துவிட்டேன். செங்கல்பட்டுக் கடைக்காரர், "எந்த டி.டி.ஆர்.மா?" என்று மெமரியின் வகையைக் கேட்டபோது, "டி.டி.ஆர். நாலு" என்று பட்டென்று சொன்னேன். பரீட்சையில்கூட அவ்வளவு தைரியமாக நான் எழுதியதில்லை.

மெமரி என்பது சீப்பு அளவுள்ள ஒரு பச்சைத் தகடு. அடிப்பக்கம் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். நடுவில் ஒரு சின்ன வெட்டு. புது வகை வர வர அந்த வெட்டு கொஞ்சம் இடம் மாறும். நான் வாங்கி வந்ததை வைத்து அழுத்தினேன். உட்காரவில்லை. அக்காவின் கம்ப்யூட்டருக்கு வேண்டியது அதற்கு முந்தைய வகை, டி.டி.ஆர். மூன்று.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "வுடு, கடையில திருப்பிக் குடுத்துக்கலாம். நாளைக்குப் பழச எட்த்துகினு போவோம். மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கச் சொல்லோ அப்படித்தான போறோம்?"

மறுநாள் காலை பழைய மெமரியைச் சோப்பு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் டி.டி.ஆர். மூன்று எந்தக் கடையில் கிடைக்கும் என்று நான் கவலைப்பட்டேன். அவள் கடைக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனாள். சார் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் நாகர்கோவிலுக்குக் குடிபோகிறார். அவருடைய பிரிவு உபசார பேனர் அக்கா செய்ததுதான். ஊரில் யார் எதை விற்கிறார்கள், எதைத் தூக்கிப்போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"கம்ப்யூட்டர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா," என்றார் சார்.

"உசுரு போனா இன்னா சார், கண்ணு நல்லா இருக்கும்ல? அத்த மட்டும் குடுங்க."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். ஊருக்குக் கட்டி வைத்திருந்த சாமான்களுக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியை எடுக்கவே மதியம் ஆகிவிட்டது. உள்ளே இரண்டு தகடுகள் இருந்தன. அக்கா மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் வெட்டு ஒரே இடம்.

"எது?" என்று என்னைப் பார்த்தாள்.

இந்த முறை ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஒன்று இரண்டு ஜி.பி., 1333 வேகம். மற்றது நாலு ஜி.பி., 1600. எங்களுடையதும் 1600. "வேகம் குறைஞ்சத போட்டா நம்மளுதும் அதோட சேந்து மெதுவா ஓடும். இதான்கா," என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாட்டி பட்டனை அழுத்தினோம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளிருந்து பீப், பீப் என்று விடாமல் ஒரு சத்தம். மணி மூன்று. இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று புலம்பினேன்.

"நீ வேற ஏன் பேஜாராவுற," என்று அக்கா சுவிட்சை அணைத்தாள். தன் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, சார் கொடுத்த தகட்டின் பற்களை அழுத்தித் தேய்த்தாள். இரண்டு வருட அழுக்கு கறுப்புத் திரியாக உருண்டு வந்தது. திரும்ப வைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் தானாக மூடும்வரை அமுக்கினாள். டக், டக்.

திரை வந்தது. எட்டு ஜி.பி. என்று காட்டியது. முப்பத்தோராவது மாமன் வந்தார்; முப்பத்திரண்டாவது மாமனும் வந்தார். ஐம்பத்திரண்டாவது மாமன் மீசையோடு ஓரத்தில் உட்கார்ந்தபோது மணி நாலரை.

அப்போது லட்சுமணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள் அக்கா. "தப்பா நெனச்சிக்காதம்மா, இன்னும் மூணு பேரு கீறாங்க. சதுரங்கப்பட்டினத்து மாமனுங்க. வுட்டுட்டா என் பொண்டாட்டி வூட்ல சோறு ஆக்க மாட்டா."

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அனுப்பு அண்ணாத்த. எடம் கீது."

ஐந்தே முக்காலுக்கு ஃபைல் போனது. அந்த மூன்று பேரில் ஒருவர் கண் மூடியிருந்தார். அவருடைய இன்னொரு போட்டோவிலிருந்து எடுத்து அவருக்குக் கண் வைத்தது நான்.