தவலையில் வெட்டிய பெயர்

என் அப்பாவின் பெயரை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஒரு பித்தளைத் தவலையின் கழுத்தில். அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த சீர்த் தவலை அது. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரையோ பெற்றவர் பெயரையோ வெட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தா மரியாதைக்காரர். மாப்பிள்ளை மனம் குளிரட்டும் என்று மாப்பிள்ளையின் பெயரையே இனிஷியலோடு வெட்டச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மனம் குளிர்ந்ததாகத் தகவல் இல்லை. ஒன்பது வருசம் அம்மா அடி வாங்கினாள். பத்தாவது வருசம், தாத்தாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு காலையில் என்னையும் ஒரு துணிப்பையையும் அந்தத் தவலையையும் எடுத்துக்கொண்டு, திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் முதல் பஸ் ஏறினாள். எனக்கு அரை டிக்கெட். தவலைக்கு லக்கேஜ் டிக்கெட்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. பாளையம்பட்டியில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்றில் குடியிருந்தோம். அம்மா நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். பழைய பள்ளிக்கூடத்திலிருந்து சான்றிதழ் வாங்கி வர ஆளில்லாததால் எனக்குப் படிப்பும் இல்லை. அக்கம்பக்கத்தார் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் அம்மா திருச்சுழிப் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். ஊர் சொல்லாத வீட்டோடு யார் உறவு கொண்டாடுவார்கள்? தெருப் பிள்ளைகள்கூட என்னைச் சேர்க்கவில்லை. எனக்கு அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. அப்பா பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்தால் அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

பகல் முழுக்கத் தனியாகக் கிடப்பேன். பேச ஆளில்லாத கொடுமையில் தவலைக்குள் முகத்தை விட்டுப் பேசுவேன். நான் சொன்னதை அது இன்னும் கனமான குரலில் திருப்பிச் சொல்லும். கதை சொல்வேன், சண்டை போடுவேன், கோபித்துக்கொண்டு நானே போய்ச் சமாதானம் செய்வேன். பைத்தியம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவாவது ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

அந்தத் தவலையைத்தான் விற்கப் போவதாக அம்மா சொன்னாள். தையல்காரர் ஒருவர் பழைய மெஷின் ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்திருந்தாராம். மெஷின் வந்தால் வேலைக்குப் போக வேண்டாம், என்னோடு வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். நான் அழுது பார்த்தேன், நடக்கவில்லை. டவுன் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம்.

பூட்டின வீடுகளில் பித்தளைச் சாமான் களவு போய்க்கொண்டிருந்த சமயம். பழைய பாத்திரம் கொண்டுவருகிறவர்கள் ரேஷன் கார்டு காட்ட வேண்டும் என்று கடையில் ஓர் அட்டை தொங்கியது. எங்களுக்கு முன்னால் சலவைச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு குத்துவிளக்கைப் போட்டுவிட்டுப் போனார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் முறை வந்ததும் கடைக்காரருக்கு அட்டை ஞாபகம் வந்துவிட்டது. அவரிடம் மட்டும் கேட்கவில்லையே என்று அம்மா மெதுவாகக் கேட்டும் விட்டாள்.

“அவுக தெரிஞ்சவுக. நீங்க தப்பா நெனைக்காதீக, ஸ்டேஷன்ல சொல்லியிருக்காக” என்றார்.

எங்கள் கார்டு அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கடைக்காரர் தவலையைத் திருப்பி, கழுத்தில் இருப்பது யார் பெயர் என்றார். வீட்டுக்காரவுக பேரு என்றாள் அம்மா. வாயால் சொல்லுங்கள் என்றார். கட்டினவன் பெயரைச் சொல்வது எங்கள் சனத்தில் வழக்கமில்லை. அடித்தவனாக இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். அம்மா தலையைக் குனிந்தாள். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு கிளாஸை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, உங்கப்பா பேர் என்ன பாப்பா என்று கேட்டார். எனக்கா தெரியாது? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். சட்டத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. ஏட்டு கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். தவலையை அம்மா இடுப்பிலேயே ஏற்றி, கடைத்தெரு பார்க்க ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்.

மத்தியானத்திலிருந்து விளக்குப் போடும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எதையும் எழுதவில்லை. களவு கொடுத்தவர்கள் யாராவது இந்தத் தவலையைத் தேடுகிறார்களா என்றும் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டேன். வெளியே பைப்பைக் காட்டினார்கள். இடையில் அம்மா ஒரு தடவை எழுந்து பேசினாள்.

“எங்கய்யா எனக்குச் சீராக் குடுத்தது, ஏட்டையா.”

“அப்ப ஒம் பேருல்ல இருக்கணும்?”

தாத்தாவின் மரியாதை அங்கே வந்து நின்றது. அப்புறம் ஏட்டு கொஞ்சம் இரக்கப்பட்ட மாதிரிதான் சொன்னார்.

“ஊரைச் சொல்லு, ஆள் விடுறோம். ஒம் புருசன் வந்து இது எந் தவலை, இது எம் பொண்டாட்டின்னு கையெழுத்துப் போட்டு ரெண்டையும் கூட்டிட்டுப் போகட்டும்.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்பா வந்தால் தவலை திரும்பக் கிடைக்கும், சோறும் கிடைக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லிவிடலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் தவலையையே பார்த்தாள். பிறகு எழுந்து சொன்னாள்.

“அது எங்களது இல்ல, ஏட்டையா. வர்ற வழியில ரோட்டோரம் கெடந்துச்சு. எடுத்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏட்டுக்கு அது பொய் என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் அவருக்கு வேலை முடிகிற பொய். பொம்பளை என்பதால் விடுகிறேன், இனி இந்தப் பக்கம் பார்த்தால் தெரியும் சேதி என்று அதட்டினார். ஒரு வெள்ளைத்தாளில் கீழே கையெழுத்து வாங்கினார். தவலையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். ரசீது என்ற பேச்சே எழவில்லை. வாசலுக்கு வந்துவிட்ட எங்களைக் கூப்பிட்டு, கிண்டலாக ஒரு கேள்வி கேட்டார்.

“இந்தப் புள்ள? இதுவும் ரோட்டுல கெடந்துச்சா?”

“இது எம் புள்ள” என்றாள் அம்மா.

பெண்ணுக்கு வந்த சீர் பெண்ணுக்கே சொந்தம், எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒருத்தியைப் பகலெல்லாம் உட்கார வைக்கக் கூடாது, வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடத் தேவையில்லை. இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். புத்தகத்தில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் அதைச் சொல்ல எங்களுக்கு ஒரு நாதி இல்லை.

பஸ்ஸுக்கு நிற்காமல் அம்மா நடக்க ஆரம்பித்தாள். நீதானே பொய் பேசக் கூடாதென்று சொல்வாய், நம்முடைய தவலையை ஏன் இல்லையென்று சொன்னாய் என்று வழியெல்லாம் அழுதேன். இனி நான் யாரோடு பேசுவேன் என்றும் கேட்டேன். அவள் என் மணிக்கட்டை ஒரே பிடியாகப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தியது. விடும்மா, வலிக்குது என்றேன். பாளையம்பட்டி வந்து, சாய்ப்புக்குள் நுழைந்து, கதவைத் தாழ் போடும்வரைக்கும் விடவில்லை. தவலையைத் தொலைத்த கோபத்தைத்தான் என் கையில் காட்டுகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.